டால்பினும் மல்லாட்டை மூட்டையும்

செஞ்சிப் பக்கம் இரும்பைத் தட்டி நிமிர்த்தத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. 1980களின் கடைசியில் என் மாமா அனந்தபுரத்துக்கு ஓட்டிவந்த காரில், தட்டுவதற்கு இரும்புதான் இல்லை.

சிபானி டால்பின். பிரிட்டனின் ரிலையன்ட் கிட்டனை ஒட்டிப் பெங்களூரில் செய்த கார். இரண்டே கதவு, 848 சிசி எஞ்சின், உடம்பு முழுக்க ஃபைபர். எடை குறைவு என்பதால் ராலிக்காரர்களுக்கும் பந்தயக்காரர்களுக்கும் அதன்மேல் ஒரு கண். உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில் அது பறப்பதைப் பார்த்துவிட்டு வந்த மாமா, அதன்பிறகு அம்பாசிடரை மாட்டு வண்டி என்றே சொன்னார். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததும் டால்பின் கதை முடிந்துபோனது. முடிந்த கதையை மாமா செகண்ட் ஹாண்டில் வாங்கினார்.

ஊரில் அதற்கு வைத்த பெயர் பிளாஸ்டிக் கார். ஆடு கடித்துவிடப் போகிறது, கட்டிப் போடுங்கள் என்றார்கள். முதல் கத்திரி வெயிலிலேயே பானெட்டின் ஒரு மூலை கோணிக்கொண்டு மேலே எழும்பியது. உள்ளே கை நுழையும். வேகம் எடுத்தால் படபடவென்று அடித்துக்கொள்ளும். கொஞ்ச காலம் கயிறு போட்டுக் கட்டித்தான் ஓட்டினார். செஞ்சியில் டிங்கர் கடைக்காரர் விரலால் சுண்டிப் பார்த்தார். “இது நம்ம கேஸ் இல்ல சார். குடம் ஒட்டறவன் வருவான், அவன்கிட்ட காட்டுங்க.”

கையால் கண்ணாடி நார்ப் பாயை அடுக்கிப் பிசின் தடவிச் செய்கிற பலகையில், பிசின் முழுசாக இறுகாமல் இருந்தால் சூட்டில் இளகும். இளகினதைச் சூட்டிலேயே வழிக்குக் கொண்டுவந்து, ஆறும்வரை அழுத்தி வைக்கலாம். மாமாவுக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. “வெயில் கெடுத்ததை வெயிலே சரி பண்ணட்டும்” என்றார், அவ்வளவுதான். பானெட்டைக் கழற்றிக் களத்தில் போட்டு, கறுப்புத் தார்ப்பாயால் மூடி, உச்சி வெயிலில் எழும்பிய மூலைமேல் மல்லாட்டை மூட்டையை ஏற்றினோம். எத்தனை மூட்டை என்பதில் தெரு இரண்டாகப் பிரிந்தது. அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தில் இதைவிடச் சூடான விவாதம் நடந்திருக்காது. கொத்தனார் ரசமட்டம் கொண்டுவந்தார். தச்சர், மூட்டையை எடுத்தால் மறுபடி எழும்பும், அடியில் முதுகெலும்பு வேண்டும் என்றார். அவர் சொன்னதுதான் சரி. பாண்டிச்சேரி போய் ரெசினும் ஹார்டனரும் நார்ப் பாயும் வாங்கிவந்து, மூங்கில் பத்தையை அடியில் வைத்து மேலே பாயை ஒட்டினார்கள். ஹார்டனர் ஒரு பொட்டு கூடினாலும் கலந்த பாத்திரத்திலேயே புகைந்து கல்லாகிவிடும். அத்தையின் எனாமல் குவளை ஒன்று அப்படித்தான் போயிற்று. மொத்தச் செலவு: ரெசின், பஸ் காசு, தெருவுக்கே டீ. மூலை இறங்கியது. முழுசாக இல்லை, கை போன இடத்தில் விரல் போனது. அதற்கே மாமா ஹாரன் அடித்தபடி ஊரைச் சுற்றினார்.

2025இல் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. கோட்டையின் ராஜகிரி மலையடிவாரத்தில் நிற்கிற வெளியூர்க் கார்களைப் பாருங்கள், எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் மூக்கு, பிளாஸ்டிக் வால். யாரும் ஆட்டைப் பற்றிப் பேசுவதில்லை. பம்பர் லேசாக நெளிந்தாலும் சர்வீஸ் சென்டரில் ஒரே வார்த்தை: “மாத்திடலாம் சார்.”

என் அக்கா மகன் மாற்றமாட்டான். அவனுடைய பழைய ஸ்விஃப்டுக்கு ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி உறுமவேண்டும் என்று தடித்த சைலன்சர் மாட்டினான். அது உறுமியது, பக்கத்திலிருந்த பம்பரையும் உருக்கி நெளித்தது. இப்போதைய பம்பர் பாலிபுரொப்பிலீன் வகை. நம் டால்பின் பிசினைப் போல ஒருமுறை இறுகினால் இறுகினதுதான் என்ற பிடிவாதம் அதற்குக் கிடையாது. சூடு பட்டால் மறுபடி இளகும். சின்ன நெளிவுக்குக் கொதிக்கிற வெந்நீரை ஊற்றி, உள்ளேயிருந்து தள்ளி, உடனே பச்சைத் தண்ணீரை ஊற்றினால் போதும்.

“வெந்நீர் போதும்டா” என்றேன்.

“டெம்பரேச்சர் கன்ட்ரோல் வேணும் மாமா.”

ஹீட் கன் வந்தது. சூடு பார்க்க லேசர் தெர்மாமீட்டர். விரிசலைத் தைக்கச் சூட்டில் புதையும் கம்பிகளோடு பிளாஸ்டிக் ஸ்டேப்ளர். இந்த வகை பிளாஸ்டிக்கில் பெயின்ட் லேசில் ஒட்டாது, அதற்கென்று தனி பிரைமர். கடைசியில் கலர் கோடு பார்த்து ஸ்ப்ரே. வாசலில் தனியாக உட்கார்ந்து, போனில் வீடியோ ஓடவிட்டு, அவனே செய்தான். கொத்தனார் வரவில்லை, தச்சர் வரவில்லை; எட்டிப் பார்த்த எதிர்வீட்டுக்காரரும் லைக் போடுகிறவர்போலக் கட்டைவிரலை உயர்த்திவிட்டு உள்ளே போனார். வேலை சுத்தம், டால்பினைவிட ஆயிரம் மடங்கு சுத்தம். ரசீதுகளைக் கூட்டிப் பார்த்த என் அக்காதான், புது பம்பரே வாங்கியிருக்கலாமே என்றாள்.

“சாமான் மிச்சம் இருக்கும்மா. அடுத்த தடவை செலவே இல்ல” என்றான்.

அடுத்த தடவை இன்னும் வரவில்லை. ஹீட் கன்னை அக்கா சமையலறைக்கு எடுத்துப் போய்விட்டாள். அப்பளம் எண்ணெயில்லாமல் பொரிகிறதாம்.