திருவாளர் ரூட் எந்தப் பிரிவில் இருக்கிறார்?

அனுப்புநர்: கோப்புப் பிரிவு உதவியாளர்
பெறுநர்: கணினிப் பிரிவுத் தலைவர் அவர்கள்
பொருள்: பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்குக் கோப்புகள் குடிபெயர்ந்தமை – நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.
பார்வை: தங்கள் சுற்றறிக்கை: ‘நகல் முழு வெற்றி, பிழை 0’.

ஐயா,

வணக்கம். சனிக்கிழமை இரவு தாங்கள் ஓட்டிய ஸ்கிரிப்டால் எங்கள் பிரிவில் ஓர் அதிசயம் நடந்திருக்கிறது. பதினைந்து வருடக் கோப்புகள் அத்தனையும் ஒரே இரவில், ஒரே பிரசவத்தில் பிறந்திருக்கின்றன. முதல் நினைவூட்டலும் மூன்றாம் நினைவூட்டலும் இப்போது இரட்டையர். ‘இறுதி’, ‘இறுதி புதியது’, ‘இறுதி கடைசி’ என்று எங்களிடம் மூன்று வரைவுகள் உண்டு. எது கடைசி என்று தீர்ப்புச் சொல்லிவந்தது திருத்திய தேதி ஒன்றுதான். அந்த நீதிபதியைத் தாங்கள் இடமாற்றம் செய்துவிட்டீர்கள்.

அடுத்து, எல்லாக் கோப்புக்கும் உரிமையாளர் ‘ரூட்’ என்று காட்டுகிறது. பணிமூப்புப் பட்டியலில் தேடினேன்; அப்படி ஒருவர் இல்லை. தணிக்கைக்காரர்கள் வருவதற்குள் அவர் எந்தப் பிரிவில் இருக்கிறார் என்று சொன்னால் நேரில் போய்ப் பார்த்துவிடுவேன். எங்கள் கோப்பை நாங்கள் படிக்கலாம், எழுத முடியாது. குழுவுக்கு இருந்த எழுதும் அனுமதியை உங்கள் யூமாஸ்க் வழியிலேயே கழற்றிக்கொண்டதாம்.

விசாரித்தபோது, “செக்சம் சரியாக இருக்கிறதே” என்றார்கள். இருக்கும் ஐயா. செக்சம் உள்ளே இருக்கும் எழுத்தைத்தான் எண்ணும். யார், எப்போது எழுதினார் என்று கேட்காது. ஆனால் அலுவலகத்தில் உண்மை நகல் என்றால் அசலின் தேதியும் கையொப்பமும் கூடவே வர வேண்டும்.

வேறு பிரதி கேட்டதற்கு, ஃபேட் முறையில் ஃபார்மட் செய்த ஒரு பென்டிரைவைக் கொடுத்தார்கள். அதில் உரிமையாளர் பெயர் எழுதவே இடம் கிடையாது. திருத்திய நேரத்தைக்கூட இரண்டிரண்டு விநாடியாகத்தான் குறிக்குமாம்.

இத்தனைக்கும் குறை ஓர் எழுத்தில். ‘சிபி’ கட்டளையோடு ‘ஆர்’ போட்ட இடத்தில் ‘ஏ’ போட்டு, அதே ரூட்டாக ஓட்டியிருந்தால் தேதி, உரிமையாளர், அனுமதி எல்லாம் கூடவே வந்திருக்கும்.

பழைய வட்டை இன்னும் அழிக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். தயவுசெய்து அதைத் தொட வேண்டாம். அதிலிருந்து ‘ஆர்சிங்க்’கைச் சின்ன ‘ஏ’யோடு ஓட்டுங்கள், தனி அனுமதிப் பட்டியல்கள் இருப்பதால் பெரிய ‘ஏ’யும் சேருங்கள், சின்னது அவற்றைச் சுமக்காது. புதிய சர்வரில் நாங்கள் செய்த திருத்தங்கள் அழிந்துவிடுமோ என்று தயங்க வேண்டாம். சனிக்கிழமையிலிருந்து இங்கே ஓர் எழுத்துகூட மாறவில்லை. திருவாளர் ரூட் எங்களை எழுதவிட்டால்தானே!

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கோப்புப் பிரிவு உதவியாளர்

நகல்: திருவாளர் ரூட் அவர்களுக்கு (தேதி மாறாமல்).