வாயசைக்கும் விசுவாசி

எங்கள் வீட்டில் பாட்டு இரண்டே வகை. ஒன்று கர்த்தருடைய பாட்டு, மற்றது உலகப் பாட்டு. பாமாலையும் கீர்த்தனையும் முதல் வகை. இளையராஜா முதல் டீக்கடை ஸ்பீக்கரில் வரும் அத்தனையும் இரண்டாவது. உலகப் பாட்டு கேட்கக் கூடாது என்பது சட்டம். பக்கத்து வீட்டில் போட்டது தானாகக் காதில் விழுந்தால் பாவமில்லை என்பது அம்மா கொண்டுவந்த சட்டத்திருத்தம். பக்கத்து வீட்டாருக்கு இளையராஜா பிடிக்கும் என்பதில் அம்மாவுக்கு ஒருநாளும் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

சட்டத்தில் பெரிய ஓட்டை போட்டது போனி எம் குழு. 1978இல் அவர்கள் உலகமெங்கும் ஒலிக்கவிட்ட ‘ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்’ 137ஆம் சங்கீதத்திலிருந்து எடுத்தது. அப்பா வேதாகமத்தைப் புரட்டிச் சரிபார்த்துவிட்டு கேசட்டை வீட்டுக்குள் அனுமதித்தார். சிறைப்பட்டுப் போனவர்கள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுவதற்கு இடுப்பை ஆட்டும் தாளம் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. (1970இல் முதலில் அதைப் பாடியது ஜமைக்காவின் மெலோடியன்ஸ் குழு. அதில் ரஸ்தஃபாரி மதத்தின் வாசனை வீசுவது தெரிந்திருந்தால் கேசட் அன்றே தெருவுக்குப் போயிருக்கும்.) அந்தச் சங்கீதம் எவ்வளவு கொடூரமாக முடிகிறது என்பது வாசித்தவர்களுக்குத் தெரியும். போனி எம் அந்த இடத்துக்கு வருவதற்குள் பாட்டை முடித்துவிடுகிறார்கள். எங்கள் சபை ஐயர்மாரும் அந்தப் பகுதியில் பிரசங்கம் செய்வதில்லை. அதே ஆல்பத்தில்தான் ‘ரஸ்புதீன்’ பாட்டும் இருந்தது. ரஷ்யச் சாமியார் ஒருவரைப் பற்றியது என்று வீட்டில் விளக்கம் சொன்னேன். பொய்யில்லையே.

போனி எம்மில் துள்ளித் துள்ளி ஆடும் ஆண், பாபி ஃபேரல். ரெக்கார்டில் கேட்கும் ஆண்குரலோ தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியனுடையது. ஸ்டுடியோவில் அவர் பாடினார், இவர் மேடையில் வாயசைத்தார். வெகுகாலம் கழித்து இதைப் படித்தபோதுதான் நான் யார் என்பது எனக்கு விளங்கியது. தன்னைத் தேடி இமயமலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குப் பாளையங்கோட்டையிலேயே காரியம் முடிந்துவிட்டது.

ஏனென்றால் எங்கள் சபை கொயரில் நான் பேஸ், அதாவது ஆண்களின் அடிக்குரல். ஆண்குரல் கிடைக்காத பஞ்சத்தில், ஆள் உயரம், வெள்ளைச் சட்டை இருக்கிறது என்ற இரண்டு தகுதிகளைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார்கள். முதல் பிராக்டீஸ் முடிந்ததும் கொயர் மாஸ்டர் தோளில் கைபோட்டுத் தனியாகக் கூட்டிப்போனார். “தம்பி, நீ வாய மட்டும் அசைச்சாப் போதும். சத்தத்த மத்தவங்க பாத்துக்கிடுவாங்க.” அன்றுமுதல் விசுவாசமாக அசைத்துவருகிறேன். ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து வாசலில் நின்றபோது ஓர் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, “உன் சத்தம் தனியாத் தெரிஞ்சுதுய்யா” என்றார். தோத்திரம் என்றேன்.

வாயசைக்கும் பழக்கம் கொயரோடு நிற்பதில்லை. விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது உதடு தன் பாட்டுக்குப் பொந்தியு பிலாத்துவைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும். மனம் மத்தியானம் ஆட்டுக்கறியா, கோழியா என்பதில் நிற்கும். என் சொந்தச் சத்தம் வெளியே வருவது ஒரே இடத்தில்தான்: மேட்ச்சின் கடைசி ஓவரில். “ஆண்டவரே, இந்த ஒரு பந்து மட்டும்!” இவ்வளவு உருக்கமான ஜெபத்தை எந்த உபவாசக் கூட்டத்திலும் நான் செய்ததில்லை. லெந்து காலத்தில் கறி தொடமாட்டேன் என்று பொருத்தனைகூடப் பண்ணியிருக்கிறேன். மேட்ச் நடந்தது ஜூனில்.

இந்த ஜெபங்களுக்குக் கிடைத்த பதில்களை வைத்து ஓர் இறையியலே உருவாக்கினேன். 1983 ஒருநாள் கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் சனிக்கிழமை, வெற்றி. 2011, சனிக்கிழமை, வெற்றி. 2003, ஞாயிறு, தோல்வி. 2023, ஞாயிறு, தோல்வி. ஓய்வுநாளில் விளையாடினால் கர்த்தர் கைவிடுகிறார் என்பது தெளிவு. இதை ஏழாம் நாள் சபையைச் சேர்ந்த நண்பரிடம் விளக்கியபோது பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சனிக்கிழமதான் ஓய்வுநாளு அண்ணாச்சி” என்றார். அதோடு என் இறையியலுக்கு முதல் விரிசல் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்றதும் கன்வென்ஷன் பிரசங்கியார்கள் எரிக் லிடலைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிறன்று வந்ததால் ஓட மறுத்து, 400 மீட்டர் ஓடி 47.6 விநாடியில் தங்கம் வாங்கியவர். ‘சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ படத்தில் அவர் கப்பல் ஏறும்போதுதான் இந்தச் சங்கதி தெரியவருவதாகக் காட்டுவார்கள். உண்மையில் பல மாதங்களுக்கு முன்பே தெரியும். சினிமாக்காரர்களும் சாட்சி சொல்கிறவர்களும் கடைசி நிமிடத்தை விடமாட்டார்கள்.

எனக்குப் பிடித்தவர் ஜோனதன் எட்வர்ட்ஸ். மும்முறைத் தாண்டலில் இங்கிலாந்து வீரர். 1991 டோக்கியோ உலகப் போட்டியை ஞாயிற்றுக்கிழமைக்காக விட்டுக்கொடுத்தார். பிறகு யோசித்து, ஞாயிறன்றும் தாண்டலாம் என்று முடிவெடுத்தார். 1995இல் கோதன்பர்க்கில் 18.29 மீட்டர் தாண்டினார். உலக சாதனை, முப்பது ஆண்டுகள் கழிந்தும் நிற்கிறது. (அன்று திங்கட்கிழமை. என் கட்சிக்கும் சரி, எதிர்க்கட்சிக்கும் சரி, பிரயோஜனமில்லை.) ஓய்வுபெற்ற பின் பிபிசியில் பாமாலை நிகழ்ச்சி நடத்தினார். 2007இல், தனக்கு விசுவாசம் போய்விட்டது என்று சொல்லி அதிலிருந்து விலகினார். இந்தப் பகுதி எந்தப் பிரசங்கத்திலும் வராது. நான் அந்த முடிவுக்குப் போகப்போவதில்லை. ஆனால் உள்ளே ஒன்றுமில்லாமல் வாயசைக்கமாட்டேன் என்று சொல்வதற்கு 18 மீட்டர் தாண்டுவதைவிடத் தைரியம் வேண்டும் என்பது, அந்தத் தொழிலில் இருக்கிற எனக்குத் தெரியும்.

எங்கள் சபைகளில் சாட்சி சொல்கிறவருக்கு விசா கிடைத்திருக்கும், இல்லாவிட்டால் அரசாங்க வேலை. கிடைக்காதவரிடம் மைக் போகாது. ஆனால் நான் கேட்ட ஒரு சாட்சி வேறு மாதிரி: 2025 அக்டோபர் 30, நவி மும்பை, மகளிர் உலகக் கோப்பை அரையிறுதி. ஆஸ்திரேலியா 338 எடுத்தும், நம் ஜெமிமா ரோட்ரிக்ஸ் ஆட்டமிழக்காமல் 127 அடித்து ஜெயிக்கவைத்தார். இயேசுவுக்கு நன்றி சொன்னார். அதுவரை வழக்கமான சாட்சிதான். கூடவே, தொடர் நெடுக அழுதுகொண்டிருந்ததையும், மனப்பதற்றத்தோடு கிடந்ததையும் சொன்னார். கிதார் வாசித்துப் பாடுகிற பிள்ளை, சுருதி தப்புவது எங்கே என்று அறிந்தவர். என் வீட்டு டிவி முன்னால் நானும் சத்தமாக அழுதேன். யாரும் வாயை மட்டும் அசைக்கச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் இறுதி ஆட்டம். தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் ஜெயித்து நம் பெண்கள் கோப்பையைத் தூக்கினார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. என் இறையியல் அத்தோடு அடக்கம் பண்ணப்பட்டது.

ஆண்களுக்கான அடுத்த ஒருநாள் உலகக் கோப்பை 2027இல், ஆப்பிரிக்க மண்ணில். அங்கே எவ்வளவு சீக்கிரம் டாஸ் போட்டாலும் நமக்கு மத்தியானம் ஆகிவிடும். காலை ஆராதனைக்கு வராமலிருக்க அதைச் சாக்காகச் சொல்ல முடியாது. ஆகவே பாளையங்கோட்டைப் பக்கத்து ஆண்களுக்கு ஓர் அறிவிப்பு: எங்கள் கொயரில் பேஸுக்கு ஆள் தேவை. தயவுசெய்து பாடத் தெரிந்தவர்களாக வாருங்கள். வாயசைக்க ஏற்கெனவே நான் இருக்கிறேன்.