ஓடுறப்ப விட்டுடும், நின்னா விடாது

வா தம்பி, உக்காரு. காலெல்லாம் தடிப்புத் தடிப்பா இருக்கே, கொசுவா? இருக்கும், இருக்கும். அதுங்களுக்கும் காலைப் பசியாறல் வேணுமில்ல.

விடியறதுக்குள்ள பந்திங் தோட்டத்துல நாங்களும் ஓடினவங்கதான். பெரட்டுக்கு, அதான் காலையில ஆளெண்ணி வேலை பிரிக்கிறதுக்கு, ஓடினோம். பிந்திப்போனா கங்காணி வாயில விழணும். நீ யாருக்குப் பயந்து ஓடுற? கையில கட்டியிருக்கிற அந்தக் கடிகாரத்துக்கா?

கொசுவால மணிக்கு 2, 3 கிலோமீட்டருக்கு மேல பறக்க முடியாது. நம்ம பாட்டி கோயிலுக்கு நடக்கிற நடையையே அதால தொட முடியாது, உன்னை எங்க தொடப்போகுது? நீ எங்க மாட்டுற தெரியுமா? ஓடி முடிச்சு, செம்பனைத் தோட்டத்து ஓரமா நின்னு, இடுப்பை வளைச்சு, படம் வேற எடுக்கிற பாரு, அங்கதான். மூச்சு வாங்குது, வேர்வை கொட்டுது, உடம்பு கொதிக்குது. அந்த மூணையும் மோப்பம் பிடிச்சுத்தான் பொட்டக் கொசு வரும். ஆம்பளைக் கொசு கடிக்கவே கடிக்காது. அது நல்ல பிள்ளை. நீயோ மேலிருந்து கீழவரைக்கும் கறுப்புச் சட்டை. கறுப்புன்னா அதுக்கு உயிரு. வெளிர் நிறத்துல கை நீளமாப் போடு, வளைஞ்சு நெளியறதை வீட்டுக்குள்ள வச்சுக்க.

ரப்பர்த் தோட்டத்துல பால்மரம் வெட்டுறப்ப நாங்க இடுப்புல கொசுவத்திச் சுருளைக் கொளுத்திக் கட்டிக்குவோம். நீயும் கட்டிக்கிட்டு ஓடேன், பின்னாடி வர்றவன் கும்பிட்டுட்டுப் போவான். வேணாமா? அப்ப டீட் மருந்தைத் தடவு. 1946-ல அமெரிக்கப் பட்டாளத்துக்குன்னு கண்டுபிடிச்சது. வெயில் கிரீமை முதல்ல பூசி, அது காஞ்சப்புறம் இதைப் பூசணும். நீ மாத்திப் பூசுற ஆளு, முகத்தைப் பார்த்தாலே தெரியுது.

சாயந்தரம் மோரிப் கடற்கரைக்கா? காத்து அடிச்சா ஓடு. காத்து நின்னுட்டா, அலையாத்திப் பக்கம் மலாய்க்காரங்க அகாஸ்னு சொல்ற பொடிப்பூச்சி கிளம்பிடும். கண்ணுக்கே தெரியாது, கடி மட்டும் நல்லாத் தெரியும்.

இன்னொண்ணு. டெங்கி பரப்புற ஏடிஸ் கொசு பெரும்பாலும் காட்டுப்பிள்ளை இல்ல, வீட்டுப்பிள்ளை. விடிஞ்சதும் ஒரு தடவை, பொழுது சாயறப்ப ஒரு தடவை கடிக்கும். பிறந்த இடத்தை விட்டு ரொம்பத் தூரமும் போகாது. அதனால செம்பனையைத் திட்டுறதுக்கு முன்னாடி உன் வீட்டுப் பூந்தொட்டித் தட்டைக் கவுத்துப் பாரு. 1901-ல கிள்ளான்ல வாட்சன்னு ஒரு வெள்ளைக்கார டாக்டரு, சதுப்புத் தண்ணியை வடிய வச்சே மலேரியாவை அடக்கினாரு. உனக்கு ஒரு தட்டுத் தண்ணியைக் கொட்ட இடுப்பு வளைய மாட்டேங்குது. செம்பனைக்கு மட்டும் நல்லா வளையுது. மலேசியாவுல இதுக்குன்னு 1975-ல போட்ட சட்டம் ஒண்ணு இருக்கு. அதிகாரி வந்து கொசுப்புழுவைக் கண்டா 500 ரிங்கிட் வரைக்கும் அபராதம் தீட்டிடுவாரு. உன் சப்பாத்து அதைவிட விலைன்னு சொல்லிடாதே, எனக்கு மயக்கம் வரும்.

செம்பனைப் பூவுல மொய்க்கிற சின்ன வண்டு கடிக்காது, அதை அடிக்காத. 1981-ல ஆப்பிரிக்காவுல இருந்து கொண்டுவந்து விட்டது. அது மகரந்தம் சுமந்தாத்தான் குலை நல்லாப் பிடிக்கும். உன்னைவிட உழைக்குது.

குளவிக் கூட்டைக் கண்டா மட்டும் சத்தமில்லாம விலகிப் போ. கூடு கலைஞ்சிடுச்சா, கையை வீசாத, தண்ணியில குதிக்காத. குளவி மேலயே சுத்திக்கிட்டுக் காத்திருக்கும். முகத்தை மூடிக்கிட்டு நேரா ஓடு, ஏதாவது கதவுக்குள்ள பூந்துடு. அன்னைக்குக் கடிகாரத்தைப் பார்க்க மாட்ட. ஆனா உன் நல்ல நேரம் அன்னைக்குத்தான் பதிவாகும்.