கள்ளிக்காட்டில் இருந்துகொண்டே சிப் வடிவமைப்பது எப்படி?

முதல் வேலையாக ஒரு எஃப்பிஜிஏ போர்டு, அதாவது வேண்டிய சர்க்யூட்டை எழுதி அழித்து எழுதக்கூடிய சிப் உள்ள போர்டு, வாங்கிவிடுங்கள். கிளாக் என்றால் என்ன, வெரிலாக் என்றால் என்ன என்பதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். போர்டு வந்ததும் ஷோகேசில், மாமா கல்ஃபிலிருந்து கொண்டுவந்த கப் செட்டுக்குப் பக்கத்தில் வைக்கவும்.

“இது என்ன மக்களே, சார்ஜரா?”

“சிப்பு டிசைன் பண்ணுத போர்டு மாமா.”

“கொள்ளாம். சம்பளம் எவ்வளவு வரும்?”

இத்துடன் படிப்பில் பாதி முடிந்தது என்று கொள்க.

இலவசமாகக் கிடைப்பதை நம்பவே நம்பாதீர்கள். ஐகாரஸ் வெரிலாக், ஜிடிகேவேவ், யோசிஸ் என்ற சிப் வடிவமைப்பு மென்பொருள்கள் மூன்றுக்கும் ஒரு பைசா கிடையாது. பழைய லேப்டாப்பிலும் ஓடும். ஐஐடி கரக்பூரின் இந்திரனில் சென்குப்தா வெரிலாக்கை வரிவரியாகச் சொல்லித்தரும் என்பிடெல் பாடமும் சும்மாதான் கிடைக்கிறது. காசு கொடுக்காமல் வந்த அறிவு உடம்பில் ஒட்டுமா? ஆகவே ரப்பர் சீட் விற்ற பணத்தை எடுத்துக்கொண்டு பெங்களூருக்கு ரயிலேறி, ஆறு மாதத்தில் வேலை உறுதி என்று போர்டு மாட்டியிருக்கும் இடத்தில் கட்டிவிடுங்கள்.

பக்கத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்கவும் கூடாது. கள்ளிக்காட்டிலிருந்து திருவனந்தபுரம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அங்கே விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் வடிவமைத்த விக்ரம் 3201 என்ற 32 பிட் பிராசசர் 2025-இல் வெளிவந்தது. சி-டாக்கின் திருவனந்தபுரம் மையம் வேகா வரிசைப் பிராசசர்களைச் செய்திருக்கிறது. வட்டியூர்க்காவில் இருக்கும் இஸ்ரோவின் பிரிவும் சென்னை ஐஐடியும் சேர்ந்து, சக்தி பிராசசரை அடிப்படையாக வைத்து ‘ஐரிஸ்’ என்ற சிப்பைக் கொண்டுவந்தன. விக்ரமும் ஐரிசும் மொகாலி செமிகண்டக்டர் ஆய்வகத்தில் (எஸ்சிஎல்) 180 நானோமீட்டரில் தயாரானவை. இதைக் கேட்டதும் சிரிக்க வேண்டும். “என் போனிலேயே 3 நானோமீட்டர்!” ராக்கெட்டுக்கு வேண்டியது வெயிலையும் குளிரையும் கதிர்வீச்சையும் தாங்கும் சிப், ரீல்ஸ் ஓட்டும் சிப் அல்ல என்று எவராவது விளக்க வந்தால் பேச்சை மாற்றிவிடவும்.

இனி பாடம். எல்இடியை விநாடிக்கு ஒருமுறை மினுக்க வைப்பதுதான் எல்லோருக்கும் முதல் பயிற்சி. போர்டின் கிளாக் 50 மெகாஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 5 கோடித் துடிப்பு. அதை நேரே எல்இடியில் கொடுத்தால் பாதி வெளிச்சத்தில் சும்மா எரிவதுபோல் இருக்கும். வீட்டில் எல்லோருக்கும் திருப்தி, இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். பிடிவாதக்காரர்கள் மட்டும் ஒரு கவுண்டர் வைத்து 2.5 கோடி வரை எண்ணி, எண்ணி முடிந்ததும் விளக்கைத் திருப்புவார்கள். அதற்கு 25 பிட் வேண்டும், 24 போதாது. 24 பிட்டில் எண்ணிக்கை 1.68 கோடியிலேயே பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும், 2.5 கோடி வரவே வராது, விளக்கு அசையாது. இதைத் தாளில் ஒரு பெருக்கல் போட்டால் கண்டுபிடித்துவிடலாம் என்பதால் தாள், பென்சில் இரண்டையும் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பது நல்லது.

பைத்தான் தெரிந்தவர்களுக்கு ஒரு தனிச் சலுகை. வெரிலாக்கையும் மேலிருந்து கீழே, வரிக்கு வரி ஓடுவதாகவே நினைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் நீங்கள் எழுதுவது சர்க்யூட். அதில் எல்லாமே ஒரே நேரத்தில் நடக்கிறது. கிளாக் ஒருமுறை துடித்தால் ‘அ’வின் மதிப்பு ‘ஆ’வுக்கும் ‘ஆ’வின் மதிப்பு ‘அ’வுக்கும் இடையில் கைமாற்ற ஆளே இல்லாமல் மாறிக்கொள்ளும். மெய்யாகவே அழகான விஷயம் இது. தெரிந்துகொண்டால் ராத்தூக்கம் போய்விடும். கிளாக் இல்லாத பகுதியில் ‘இஃப்’ எழுதி ‘எல்ஸ்’ எழுதாமல் விட்டால், பழைய மதிப்பைப் பிடித்துவைக்கும் லாட்ச் ஒன்று நீங்கள் கேட்காமலே உள்ளே வந்து உட்காரும். மென்பொருள் அதை எச்சரிக்கையாகச் சொல்லத்தான் செய்யும். நூற்றுக்கணக்கான எச்சரிக்கைகளுக்கு நடுவில் அதுவும் ஒன்றாக ஓடி மறையும். படிக்காதீர்கள், கண்ணுக்குக் கேடு.

இரண்டு கிளாக்குகள் உள்ள டிசைன் என்றால் நம்மூர்க்காரர்களுக்குப் புதிதாகப் பாடமே தேவையில்லை. நெய்யாறு அணை இங்கேதான் இருக்கிறது. திட்டம் போட்ட காலத்தில் விளவங்கோடும் நெய்யாற்றின்கரையும் ஒரே மாநிலம். 1956 நவம்பர் 1-இல் இரண்டுக்கும் நடுவே கேரள, தமிழக எல்லை விழுந்தது. 2004 முதல் இடதுகரைக் கால்வாய்த் தண்ணீர் விளவங்கோட்டுக்குப் போகவில்லை. வாய்க்கால் இருக்கிறது, மதகு இருக்கிறது, தண்ணீர்தான் இல்லை. ஒரு கிளாக்கிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் சிக்னலின் கதையும் இதுதான். மறுபக்கம் அதைப் பெற்று வைக்கும் ஃபிளிப்ஃபிளாப்பின் கிளாக் துடிக்கும் அதே கணத்தில் சிக்னல் மாறினால், அது 0 என்றும் சொல்லாமல் 1 என்றும் சொல்லாமல் நடுவில் தொங்கும். எல்லையில் இரண்டு ஃபிளிப்ஃபிளாப்பை வரிசையாக வைத்தால் முதலாவது தடுமாறி நிதானத்துக்கு வர ஒரு கிளாக் அவகாசம் கிடைக்கும், இரண்டாவது தெளிவாக வாங்கிக்கொள்ளும். நீங்கள் எதுவும் வைக்க வேண்டாம். சாதாரண சிமுலேஷனில் இந்தக் கோளாறு தெரியவே தெரியாது. போர்டில் எப்போதாவது, பெரும்பாலும் யாருக்காவது காட்டும்போது வரும்.

இத்தனை தேறியபின் எஃப்பிஜிஏவில் ஏன் காலம் கழிக்க வேண்டும்? 1985-இல் ஜைலிங்ஸ் முதல் எஃப்பிஜிஏவை 64 லாஜிக் பிளாக்குகளோடு விற்றபோது அதன் பெருமையே, தப்பு செய்தால் அழித்து எழுதலாம் என்பதுதான். அது கோழைகளுக்கு. சொந்த சிப்பில் அந்தத் தொல்லை கிடையாது, செய்த தப்பு சிலிக்கானில் நிலைத்து நிற்கும். 1994-இல் பெண்டியம் சிப் சில எண்களைத் தப்பாக வகுத்தது. இன்டெல் அதற்காக 47.5 கோடி டாலர் ஒதுக்க வேண்டியிருந்தது. அவர்களுக்கே வருகிற தப்பு நமக்கு வந்தால் கௌரவம்தானே?

வழியும் திறந்தே கிடக்கிறது. 2020-இல் கூகுளும் ஸ்கைவாட்டரும் 130 நானோமீட்டர் தயாரிப்பு விதிகளை எல்லோருக்கும் திறந்துவிட்டன. டைனி டேப்அவுட் என்ற ஏற்பாட்டில், பலரின் டிசைன்கள் சேர்ந்த ஒரே சிப்பில் உங்களுக்கும் ஒரு சிறு கட்டம் வாங்கிக்கொள்ளலாம். அதற்கு நிலப்பத்திரம் ஒன்றும் தேவையில்லை, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத இடம் அது. டிசைன் கோப்பை அனுப்பிவிடுங்கள். அனுப்பிய பிறகு சிப் கைக்கு வந்துசேர மாதக்கணக்கில் ஆகும். டிசைனைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்ட்பெஞ்ச் எழுதத் தொடங்குவதற்கு அது போதுமான அவகாசம்.