மொட்டைமாடி குரோசவா

கலை அறிவியல் கல்லூரியில் பி.காம். பையனையும் விஸ்காம் பையனையும் பிரித்தறிய அடையாள அட்டை வேண்டாம். கேன்டீனில் டீ கிளாஸை வெயிலுக்கு நேரே தூக்கி, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருப்பவன் விஸ்காம். டீ ஆறிப்போகும். அவனுக்கு அது 'பேக் லைட்'.

சேரும்போது எல்லாரையும் போலத்தான் சேருகிறான். ப்ளஸ் டூவில் கணக்கு வரவில்லை, சினிமா வரும் என்று ஒரு நம்பிக்கை. இரண்டாவது செமஸ்டரில் தாடி வருகிறது, கூடவே அபிப்பிராயங்களும். அதற்குப் பிறகு அவனோடு தியேட்டருக்குப் போகாதீர்கள். கதாநாயகி அழ, நாம் மூக்கை உறிஞ்சுவோம். அவன் 'கன்டின்யூட்டி போச்சு' என்று முனகுவான். படம் எப்படி என்றால், ''வீடு' பார்த்திருக்கீங்களா?' என்று திருப்பிக் கேட்பான். பாலுமகேந்திராவின் அந்த 1988 படத்தில் பாட்டே கிடையாது என்பதை, ஏதோ இவன்தான் தடுத்து நிறுத்தியதுபோலச் சொல்வான்.

கல்யாண வீட்டில் இன்னும் ஆபத்து. ஒரு முகூர்த்தத்தில் வீடியோக்காரரிடம் போய், 'அண்ணே, கோட்டைத் தாண்டிட்டீங்க' என்றான். எதிரெதிரே பேசும் இருவருக்கு நடுவில் மனசுக்குள் ஒரு கோடு போட்டு, கேமரா அதற்கு ஒரே பக்கம் நிற்க வேண்டும். தாண்டினால் அவர்கள் பார்க்கும் திசை திரையில் மாறிவிடும். பாடம் சரிதான். வீடியோக்காரர் ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டே சொன்னார்: 'தம்பி, தாலி கட்டுற நேரத்துல பொண்ணோட பெரியம்மா குறுக்க வந்து நிப்பாங்க. அந்தக் கோட்டை அவங்ககிட்ட சொல்லுங்க.'

வீட்டில் அப்பா வேறு வகை. ஃபீஸ் கட்டுகிறவர் ஆயிற்றே, ஆராய்ச்சி செய்து வைத்திருக்கிறார். 'மணிரத்னம் எம்.பி.ஏ. ஷங்கர் மெக்கானிக்கல் டிப்ளமோ. கார்த்திக் சுப்புராஜ் இன்ஜினீயர். லோகேஷ் பேங்க்ல இருந்தாரு. படம் எடுக்குறவன் எல்லாம் வேற எதையோ படிச்சிருக்கான். படத்தையே படிக்கிற நீ என்னடா பண்ணப்போற?'

'பி.சி.ஸ்ரீராம் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்ல படிச்சவர்ப்பா.'

'அவரு கேமராமேன். நீ டைரக்டர்னுல்ல சொன்னே?'

இதற்கெல்லாம் பதில் ஃபைனல் இயர் புராஜெக்ட்தான். பத்து நிமிஷப் படம், கரு தனிமை. (அந்த வயதில் எல்லாருக்கும் தனிமைதான்; பன்னிரண்டு நண்பர்கள் சேர்ந்து அதை எடுப்பார்கள்.) குழாய் சொட்டும், ஃபேன் சுற்றும், ஹீரோ கூரையைப் பார்ப்பான். நடிப்பு வராத ஹீரோவைக் காப்பாற்ற சிலபஸிலேயே ஆள் இருக்கிறார்: குலெஷோவ். உணர்ச்சியே இல்லாத ஒரே முகத்தை, சூப் கிண்ணத்தோடு ஒட்டினால் பசி, சவப்பெட்டியோடு ஒட்டினால் துக்கம் என்று நூறு வருஷத்துக்கு முன்பே ரஷ்யாவில் காட்டியவர். 'நீ ஒண்ணும் பண்ணாதடா, எடிட்ல வந்துடும்' என்று நம் டைரக்டர் ஹீரோவுக்குத் தைரியம் சொல்கிறான். காசில்லையா? 'பைசைக்கிள் தீவ்ஸ்' 1948-லேயே தெருவில், தொழில்முறை நடிகர் இல்லாமல்தானே எடுக்கப்பட்டது!

அப்பா வேஷத்துக்கு ரூம்மேட்; நரைக்குக் குட்டிகுரா பவுடர். சடாரென்று திரும்பினால் தலையிலிருந்து புகை எழும். கனமான மௌனக் காட்சியில் பக்கத்து வீட்டுக் குக்கர் மூன்று விசில் அடிக்கும். யூனிட்டுக்கே எலுமிச்சை சாதம் கிளறிக் கொடுத்த ஹீரோவின் அம்மாவுக்கு, கதையில் இல்லாத ஒரு பாட்டி வேஷம் பிறக்கும்.

திரையிட்ட அன்று சூப்புக்குப் பதில் காட்டிய இட்லி சாம்பாரைப் பார்த்து ஹீரோவுக்குப் பசித்ததாக யாருக்கும் தோன்றவில்லை. பார்த்தவர்களுக்குப் பசித்தது.

ஆனாலும் மூன்று வருஷத்தில் அவன் ஒன்றை உருப்படியாகக் கற்றுக்கொண்டிருக்கிறான். கேமரா ஒருத்தனிடம், லென்ஸ் இன்னொருத்தனிடம், ஸ்கூட்டி அத்தை மகளிடம், வீடு முகம் தெரியாத ஆன்ட்டியிடம் என்று கூச்சமில்லாமல் கேட்டு வாங்குவது. இதற்குத் தேர்வு கிடையாது. கோடம்பாக்கத்தில் பிழைப்பு ஓடுவது இதில்தான்.

ஒரு நாள் உங்கள் வீட்டு மணியையும் அடிப்பான். மொட்டைமாடியைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். காலை ஆறு மணி என்றால் ஒன்பது, ஒரு நாள் என்றால் மூன்று நாள். தண்ணீர் டேங்க் மேல் ஏறக்கூடாது என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். டாப் ஆங்கிள் வேண்டும் என்பான்.