செகண்ட் பிஜிஎம் அண்ணாச்சி

தென்காசி வட்டாரத்தில் இளையராஜா ரசிகர் அல்லாத ஆளைக் கண்டுபிடிப்பது, சீசன் ஞாயிற்றுக்கிழமையில் குற்றாலத்தில் காலி ரூம் தேடுவதைவிடக் கஷ்டம். ஆட்டோக்காரர் ரசிகர். மிட்டாய்க்கடைக்காரர் ரசிகர். பேரருவிக்குப் பக்கத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவரும் ரசிகர். அதனால் ராஜா ரசிகர் என்று சொல்லிக்கொண்டு இங்கே யாரும் நெஞ்சை நிமிர்த்திவிட முடியாது. இந்தக் கூட்டத்தில் தான் வேறு ரகம் என்று காட்டிக்கொள்ள வேண்டியவர், பாட்டை ஊருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, பாட்டுக்கு நடுவில் வரும் வாத்திய இசையைப் பிடித்துக்கொள்கிறார். பல்லவிக்கும் முதல் சரணத்துக்கும் நடுவே வருவது, மேடைக் கச்சேரிக்காரர்கள் பாஷையில், ஃபர்ஸ்ட் பிஜிஎம். இரண்டு சரணங்களுக்கும் நடுவே வருவது செகண்ட் பிஜிஎம். முதலாவதை ஊரே முணுமுணுக்கும். இரண்டாவதுதான் அண்ணாச்சியின் பட்டா நிலம்.

வயது ஐம்பத்தைந்திலிருந்து அறுபத்தைந்து. மின்வாரியம், கூட்டுறவு வங்கி, அரசுப் பள்ளி என்று ஏதோ ஒன்றில் ஓய்வு பெற்றிருப்பார், அல்லது ஓய்வை எட்டிப்பார்த்துக்கொண்டிருப்பார். மற்றபடி பார்வைக்கு எல்லோரையும் போலத்தான் இருப்பார். அடையாளம் தெரிய வேண்டுமென்றால் அவரோடு பிரானூர் பார்டருக்குப் பரோட்டா சாப்பிடப் போக வேண்டும். இலையில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றி, முதல் வாயை எடுக்கும் நேரம் எதிர்க்கடை ஸ்பீக்கரில் ஏதோ பழைய பாட்டு ஓடும். கை அப்படியே இலைக்கும் வாய்க்கும் நடுவில் நிற்கும். சால்னா மணிக்கட்டு வழியாக இறங்கி முழங்கையைத் தொடும். அவர் கவனிக்க மாட்டார்.

“பேஸ் கிட்டாரைக் கேளுடே. சசி வாசிச்சது. மேல வயலின் என்னமோ சொல்லுது, இவன் கீழ நின்னு எதுத்துப் பேசுதான் பாரு.”

நாம் கேட்போம். எதிர்க்கடை மிக்சி சத்தமும், கொல்லம் போகிற லாரியின் ஹாரனும் கேட்கும். தலையாட்டுவோம். தலையாட்டாதவனுக்கு நாட்டுக்கோழி கிடையாது.

இந்த அண்ணாச்சி ஓய்வு பெற்ற மறுநாள் செய்கிற முதல் காரியம், நானூறு பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்குவது. 1976-இன் ‘அன்னக்கிளி’யில் தொடங்கி வரிசையாக எல்லாப் படத்தையும் மறுபடி கேட்பதென்று சங்கல்பம். 2016-இல் வந்த ‘தாரை தப்பட்டை’தான் ஆயிரமாவது படம். நாளுக்கு ஒரு படம் என்றால் மூன்று வருஷத்துக்குள் அதைத் தொட்டுவிடலாம். கணக்கில் பிழையில்லை. சிக்கல் ‘அன்னக்கிளி’க்கு முன்னாலேயே தொடங்கிவிடும். ஜி.கே. வெங்கடேஷிடம் ராஜா உதவியாளராக இருந்த காலத்தைச் சேர்க்க வேண்டுமா, கூடாதா? சேர்த்தே ஆக வேண்டும் என்பார் அண்ணாச்சி. கூடவே கூடாது என்பார் இலஞ்சியில் இருக்கிற அவருடைய சிநேகிதர். இரண்டு பேரும் ஒரு சீசன் முழுக்கப் பேச்சுவார்த்தை இல்லாமல் ஐந்தருவியில் ஆளுக்கொரு கிளையில் நின்று குளிப்பார்கள்.

ஒருவழியாகச் சமாதானமாகி வரிசை நகர்ந்தால், 1978-இல் ‘ப்ரியா’ குறுக்கே வந்து நிற்கும். ஸ்டீரியோவில் பதிவான இசை. ஸ்டீரியோ என்றால் சும்மாவா? இடது காதுக்கு ஒரு நாள், வலது காதுக்கு ஒரு நாள், இரண்டையும் சேர்த்து ஒரு நாள். “இப்ப எங்க வந்திருக்கீய அண்ணாச்சி?” என்று எப்போது விசாரித்தாலும் ‘ப்ரியா’வில்தான் இருப்பார். அண்ணாச்சியின் மனைவிக்கு இதில் புகார் ஒன்றும் இல்லை. ஹெட்போன் மாட்டிய மனுஷனிடம் காய் வாங்கிவரச் சொல்ல முடியாது என்ற ஒரே குறைதான்.

இது நம் ஊர் வியாதி மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். ‘அன்னக்கிளி’ வந்த அதே 1976-இல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கம் ‘தி ஃபால்’ என்று ஒரு குழு கிளம்பியது. போஸ்ட் பங்க் என்கிற வகையில் அதைச் சேர்ப்பார்கள். பாடகர் மார்க் இ. ஸ்மித் 2018-இல் கண்ணை மூடும்வரை குழு ஓடியது. ஸ்டுடியோ ஆல்பம் மட்டும் முப்பதுக்கு மேல். அவரோடு சேர்ந்து வாசித்து, சண்டை போட்டோ போடாமலோ விலகிப்போனவர்கள் அறுபது பேருக்கு மேல். அங்கேயும் நரைத்த அண்ணாச்சிகள் இருக்கிறார்கள். முதல் ஆல்பத்திலிருந்து மறுபடி கேட்டு, எந்த டிரம்மர் போன பிறகு குழு கெட்டது என்று விவாதிக்கிறார்கள். ஆனால் ஒரு வாரம் லீவு போட்டால் அவர்கள் பட்டியலைக் கேட்டு முடித்துவிடலாம். நம் ஆளுக்குப் பென்ஷன் காலம் போதாது.

குற்றாலத்துக்கு இந்தக் குணம் புதிதும் அல்ல. ரசிகமணி டி.கே.சி. வாழ்ந்த ஊர் இது. ஒரு பாட்டை எடுத்தால் எதிரில் இருப்பவர் நாக்கிலும் ருசி தட்டும்வரை விடமாட்டார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். ராஜாஜியும் கல்கியும் அந்த ருசிக்கு ஆட்பட்டவர்கள். அவருடைய துணிச்சலும் பெரியது. கம்பராமாயணத்தில் தன் ரசனைக்கு ஒத்துவராத பாட்டுக்களையெல்லாம் இடைச்செருகல் என்று ஒதுக்கிவிட்டு, ‘கம்பர் தரும் ராமாயணம்’ என்று பதிப்பே கொண்டுவந்தார். அண்ணாச்சி அந்தப் பரம்பரைதான். தனக்குப் பிடிக்காத ராஜா பாட்டு காதில் விழுந்தால், “இது அவரு போட்டதே இல்ல. அசிஸ்டென்ட் எவனாவது போட்டிருப்பான்” என்று தள்ளிவிடுவார். ஆதாரம் கேட்டால், “கேட்டாலே தெரியுதுல்லா?” என்பார். டி.கே.சி.யிடம் உட்கார்ந்துவிட்டுப் போனவர்கள், கம்பன் தங்களுக்கே கிடைத்துவிட்ட குஷியில் போயிருப்பார்கள். அண்ணாச்சியிடம் உட்கார்ந்துவிட்டுப் போகிறவன், தனக்குக் காது இருக்கிறதா என்று தொட்டுப்பார்த்துக்கொண்டு போகிறான்.

அவரிடம் பேசுவதற்குச் சில எச்சரிக்கைகள் தேவை. ‘சிந்து பைரவி’யில் ஆரோகணத்திலேயே மெட்டமைத்த பாட்டு ஒன்று உண்டே என்று ஆரம்பித்துவிடக் கூடாது; அது பால்வாடிப் பாடம். 2002-இல் பிபிசி நடத்திய வாக்கெடுப்பில் ‘தளபதி’ பாட்டு உலகத்திலேயே நாலாவது இடம் பிடித்ததைச் சொன்னால் முகம் கோணும். உலகமே ஓட்டுப் போட்ட பாட்டில் அவருக்கு என்ன வேலை? ‘தளபதி’ கேசட்டில் இருந்து படத்தில் இல்லாமல் போன பாட்டைப் பற்றிக் கேட்க வேண்டும். ‘நிழல்கள்’ ரெக்கார்டில் ஜானகி பாடி, திரைக்கு வராமலே போன பாட்டைக் கேட்க வேண்டும். அப்போது முகம் மலரும். படம் ஓடியிருக்கக் கூடாது, பாட்டு திரையில் வந்திருக்கக் கூடாது, முடிந்தால் கேசட்டும் சரியாக விற்றிருக்கக் கூடாது. அப்படிப்பட்ட பாட்டைத்தான் அவர் பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்வார். எனக்குத் தோன்றுவது இதுதான்: அவர் திரும்பத் திரும்பக் கேட்பது புதிதாக எதையும் கண்டுபிடிக்க அல்ல. வேறு எவனும் உள்ளே வந்துவிட்டானா என்று வேலியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறார்.

அந்த வேலியை 2024-இல் உடைத்தவர்கள் மலையாளிகள். 1991 தீபாவளிக்கு ‘தளபதி’யும் ‘குணா’வும் ஒரே நாளில் வந்தன. இரண்டுக்கும் ராஜாதான் இசை. ஊர் ‘தளபதி’க்குப் போயிற்று, தான் ‘குணா’வுக்குப் போனதாக அண்ணாச்சி சொல்வார். (அன்றைக்குக் ‘குணா’ பார்த்ததாக இப்போது சொல்கிற எல்லோரும் நிஜமாகவே பார்த்திருந்தால், தியேட்டரில் பெஞ்சு வாங்கிப் போட்டிருப்பார்கள்.) முப்பது வருஷத்துக்கு மேல் பத்திரமாக வைத்திருந்த சொத்து. ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ என்ற மலையாளப் படம் வந்தது, குகைக்குள் ‘குணா’ பாட்டு ஒலித்தது, எல்லாம் போயிற்று.

அந்த வருஷச் சீசனில் அண்ணாச்சியோடு குற்றாலம் போக வேண்டியிருந்தது. பேரருவியில் தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டி விழுந்ததால் போலீஸ் கயிறு கட்டிவிட்டது, குளிக்கத் தடை. வழக்கமாகத் தடை என்றால் அவருக்குச் சந்தோஷம், காரில் உட்கார்ந்து நிம்மதியாகக் கேட்கலாம். அன்றைக்குப் பக்கத்தில் புனலூர் பக்கத்து வேன் ஒன்று நின்றது. ஈரத் தலையோடு பத்துப் பையன்கள், வேன் கூரையைத் தட்டிக்கொண்டு, உச்சஸ்தாயியில் அதே ‘குணா’ பாட்டு. அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றினார். பத்தவில்லை. இறங்கிப் போய், ரொம்ப மரியாதையாக, “தம்பி, தப்பா நெனைக்காதீய. இந்தப் பாட்டுல நீங்க கத்துத இடத்துல எல்லாம் பின்னால ஒரு வயலின் போகுது” என்றார். பையன்களுக்குத் தமிழ் புரிந்ததோ இல்லையோ, “சேட்டா, வா!” என்று அவர் கையைப் பிடித்து இழுத்து நடுவில் நிறுத்திக்கொண்டார்கள். சாரலில் நனைந்து திரும்பிவந்தவர் தென்காசி வரும்வரை வாயைத் திறக்கவில்லை.

ஏ.ஆர். ரஹ்மான் பெயரை அவர் முன்னால் எடுப்பதற்கில்லை. ஆடியில் சூரியகாந்தி பார்க்கக் கேரளாவே திரண்டு சுந்தரபாண்டியபுரத்துக்கு வரும். பக்கத்திலிருக்கிற அண்ணாச்சி போகமாட்டார். காரணம், ரஹ்மானின் முதல் படமான ‘ரோஜா’வில் கதாநாயகிக்கு அந்த ஊர். “நான் 92-ஓட கேக்கத விட்டுட்டேன்” என்பது அவருடைய பிரகடனம். 92-க்கு அப்புறம் வந்த ராஜா படங்கள்? “அது வேற கணக்கு.”

மகளுக்கு மாப்பிள்ளை அமைந்தது அந்தச் சுந்தரபாண்டியபுரத்தில். விதி என்றுதான் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்குத் தென்காசி மண்டபத்தில் இன்னிசைக் கச்சேரி. பாட்டுப் பட்டியலை அண்ணாச்சியே எழுதிக்கொடுத்தார். கீபோர்டுக்காரர் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, ஒரு ஹிட்டாவது போடட்டா? கூட்டம் எந்திச்சுப் போயிரும்” என்று கெஞ்சினார். “போறவன் பந்திக்குப் போவான். இருக்கவன் கேப்பான்” என்றார் அண்ணாச்சி. அப்படியே ஆயிற்று. ஐந்தாவது பாட்டில் மேடைக்கு எதிரே அண்ணாச்சியும், நாற்காலியில் தூங்கிப்போன ஒரு தாத்தாவும், செண்டு பாட்டிலோடு ஓடித்திரிந்த குழந்தைகளும்தான் மிச்சம்.

அப்போது சம்பந்தி எழுந்துவந்து மைக்கை வாங்கினார். “எங்க ஊரு பேரை நாடு பூரா கொண்டுபோன படம். ‘ரோஜா’லேர்ந்து ஒரு பாட்டு, மாப்பிள்ளை வீட்டு ஆசை” என்றார். மணமகளின் அப்பா மறுக்கக்கூடிய சமயமா அது? அண்ணாச்சி தலையை ஆட்டினார். பந்தியிலிருந்து கை கழுவாமல் கூட ஆட்கள் ஓடிவந்தார்கள். மண்டபம் நிறைந்தது. தாத்தா விழித்துக்கொண்டார். அண்ணாச்சி முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, வரவு செலவுக் கணக்குப் பார்க்கிறவர் முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

பாட்டு முடிந்து கைதட்டல் அடங்குவதற்குள் மேடை ஏறிவிட்டார். கீபோர்டுக்காரர் பயந்துபோய் எழுந்து நின்றார். அண்ணாச்சி குனிந்து, சம்பந்திக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

“செகண்ட் பிஜிஎம்ல ரெண்டு பார் முழுங்கிட்டீரே வே. மொதல்லேர்ந்து வாசியும்.”