வெண்பாவுக்கு ஒரு வேட்டி

குப்பனூர்ப் பாதையில் மலையேறினால் ஏற்காட்டில், ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில், போர்வை தேவைப்படும். அடிவாரத்துக் குப்பனூருக்குப் பெரும்பாலான மாதங்களில் மின்விசிறி போதும். அந்த வெக்கையில் உட்கார்ந்து குலவரலாற்றையே போர்வையாகத் தைக்கத் திட்டம் போடுகிறவர் இப்போது வம்சத்துக்கு ஒருவர் முளைத்திருக்கிறார். ‘சுவரில் மாட்டத்தான்’ என்பார், அதை விட்டுவிடலாம். கோளாறு வேறிடத்தில்: அவர் துணியைப் பார்த்து வாசகம் யோசிப்பதில்லை, சிலேடையை முடிவுசெய்துவிட்டுத் துணிக்கு அலைகிறார். ‘நூல்’ என்ற ஒரே கட்டத்தில் தறி ஓட்டிய பாட்டனையும் வாத்தியார் பாட்டனையும் அடைத்துவிடுவார். நன்னூலே நூல் இயற்றுவதை நூல் நூற்பதோடு ஒப்பிட்டிருக்கிறதே என்று பவணந்தியைச் சாட்சிக்கு இழுப்பார். தறியில் பாவு, யாப்பில் பா. வெள்ளைப் பாவு வெண்பா அல்லவா? அதற்குச் சேலம் வெண்பட்டே வேண்டும். இன்னும் பத்துக் கல்யாணம் பார்க்கக்கூடிய அப்பாருவின் பட்டு வேட்டியில் கத்தரி விழும்.

பழந்துணிப் போர்வைக்குப் பேர்போன இடங்களில் முறையே வேறு. வங்காளத்துக் காந்தா, நைந்த புடவை வேட்டிகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டது. கர்நாடகத்துச் சித்தி இனப் பெண்கள் கிழிசல்களை ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே போவார்கள்; மூலைகளில் மடித்த துணிப்பூ இல்லாவிட்டால் போர்வை அம்மணமாக இருக்கிறதென்பார்கள். அங்கே வடிவத்தைத் தீர்மானிப்பது தேய்மானம். அம்மாயி சேலையை விரித்தாலே தெரியும்: உட்காரும் இடம் சல்லடையாகியிருக்கும், காலில் உரசிய அடி பிரிந்திருக்கும், வருஷக்கணக்கில் மடித்தே வைத்த பட்டு மடிப்புக் கோட்டிலேயே விட்டிருக்கும். முந்தியும் மேல்கரையும் தப்பியிருக்கும். எதை வெட்டலாம் என்று சேலையே சொல்லிவிடுகிறது, நம்மவர்தான் கேட்பதில்லை.

போர்வையில் எழுத்தே கூடாதா என்று அவர் மடக்கலாம். தாராளமாகக் கூடும். மானதாசுந்தரி என்ற பெண் தன் தகப்பனாருக்கென்று தைத்த காந்தாவில் அதை எழுத்திலேயே தைத்து வைத்தார். கொல்கத்தா குருசதய் அருங்காட்சியகத்தின் பெருமைகளில் அது ஒன்று. ஆனால் அவர் யாருக்குத் தைத்தோம் என்பதைச் சொன்னார். நம்மவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்பதைச் சொல்கிறார். பீரோவிலேயே கிடந்து பூச்சி அரிப்பதற்கு இது மேலில்லையா என்ற அடுத்த கேள்வி நியாயமானது. அவர் கிளப்பாவிட்டால் அந்தப் பீரோவை யாரும் திறந்திருக்கப்போவதில்லை. எது யார் கட்டிய சேலை என்று பங்காளிகள் வாட்ஸ்அப்பில் அடித்துக்கொண்டிருக்கவும் போவதில்லை. அந்தச் சண்டையில்தான் பாதி வரலாறு வெளியே வருகிறது.

மீதியை எம்ப்ராய்டரிக்காரர் பார்த்துக்கொள்வார். ‘கரையுள்ள வேட்டி, கறையில்லாக் குடும்பம்’ என்று எழுதிக் கொடுத்ததில் ர, ற இரண்டும் இடம் மாறி, ‘கறையுள்ள வேட்டி, கரையில்லாக் குடும்பம்’ என்று வந்து நிற்கும். வேட்டியில் வெற்றிலைக் கறை கண்ணுக்கெதிரே இருக்கிறது. குடும்பத்தில் வரப்புத் தகராறு மூன்று தலைமுறையாக ஓடுகிறது. அந்தக் கட்டத்தைப் பிரிக்கச் சொல்லாமல் கூலியைக் கூட்டிக் கொடுத்துவிடலாம்.